வீட்டோடு சேர்ந்த மாட்டுக் கொட்டகை: இன்சூரன்ஸ் எப்படி எடுப்பது?

(சிட்லபாக்கத்தில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம்ம சிட்லபாக்கம் பக்கம் இன்னும் சில வீடுகளில் கறவை மாடு இருக்கிறது. தனியாகத் தொழுவம் கட்ட இடம் ஏது? வீட்டுச் சுவரை ஒட்டி ஒரு கீற்றுக் கொட்டகை, அதில் இரண்டு மாடு, மூலையில் வைக்கோல். பால் ஊற்றி வருகிற காசில்தான் குழுக் கடன் தவணையே கட்டுகிறோம். கொசுவுக்குப் போட்ட மூட்டத்தில் ஒரு பொறி பறந்தால் குடியிருப்பும் போச்சு, பிழைப்பும் போச்சு.

2015 டிசம்பர் வெள்ளத்தை நாம் மறக்கவில்லை. மாட்டை அவிழ்த்து மேட்டுக்கு ஓட்டினோம். சில நாள் கழித்து எங்கள் குழுவில் ஒருவரின் மாடு நோயில் விழுந்து செத்தது. பாலிசி இருந்தது, ஆனால் பணம் வரவில்லை. காது வில்லை எப்போதோ அறுந்து விழுந்திருந்தது. மாட்ட வேண்டும் என்று யாருக்கும் தோணலை. எங்க தப்புதான்.

அதிலிருந்து நாங்கள் கற்றுக்கொண்டது: கூரை ஒன்று என்றாலும் பாலிசி ஒன்று போதாது.

முதலில் வீடு. 2021 ஏப்ரல் 1 முதல் ‘பாரத் க்ருஹ ரக்ஷா’ என்ற பாலிசியைப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் தருகின்றன. தீ, இடி, புயல், வெள்ளம், நிலநடுக்கம் எல்லாம் இதில் அடங்கும். மனை விலையைச் சேர்க்க வேண்டாம். திரும்பக் கட்ட என்ன செலவாகுமோ அந்தத் தொகைக்கு எடுத்தால் போதும். கட்டடத்துக்கு எடுத்தால், அதில் 20 சதவீதம் வரை, அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய்க்கு, வீட்டுச் சாமான்களுக்கும் காப்பு உண்டு. வாடகை வீட்டில் இருப்பவர்கள் சாமான்களுக்கு மட்டும் எடுக்கலாம்.

அடுத்தது கொட்டகை. ஏமாறுகிற இடம் இதுதான். இந்தப் பாலிசி குடியிருக்கும் வீட்டுக்கானது. கீற்று, வைக்கோல், தார்ப்பாய் போட்ட கூரையை இன்சூரன்ஸ்காரர்கள் ‘கச்சா’ கட்டடம் என்பார்கள். அதற்குப் பிரீமியம் கூடலாம், மறுக்கவும் செய்யலாம். அதற்குப் பயந்து விண்ணப்பத்தில் “மாடி வீடு” என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். ஒட்டினாற்போல் கொட்டகை இருக்கு, வைக்கோல் வைக்கிறோம், பால் விற்கிறோம் என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். மறைத்தது தெரிந்தால் வீட்டுக்கு வர வேண்டிய பணமும் நின்றுவிடும். ஏஜென்ட் “எல்லாம் சேரும்மா” என்று வாயால் சொன்னால் போதாது. பாலிசித் தாளில் கொட்டகை இருக்கிறதா என்று படிக்கத் தெரிந்த பிள்ளையை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது மாடு. மாடு வீட்டுச் சாமான் கணக்கில் வராது, தனிப் பாலிசி வேண்டும். கால்நடை மருத்துவர் பார்த்து, வயது, விலை எழுதி, காதில் வில்லை போடுவார். வில்லை விழுந்தால் அன்றைக்கே தகவல் சொல்லிப் புது வில்லை போட வேண்டும். மாடு செத்தால் உடனே கம்பெனிக்குச் சொல்லுங்கள். பிரேதப் பரிசோதனைக்கு முன் புதைக்காதீர்கள். தேசிய கால்நடை இயக்கத் திட்டத்தில் பயனாளி கட்ட வேண்டிய பங்கை 2024 பிப்ரவரியில் மத்திய அரசு 15 சதவீதமாகக் குறைத்தது. மீதியை மத்திய, மாநில அரசுகள் ஏற்கும். திட்டம் இப்போது திறந்திருக்கிறதா என்று அருகில் உள்ள கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். வங்கிக் கடனில் வாங்கிய மாடாக இருந்தால், பாலிசி எந்தத் தேதியில் முடிகிறது என்பதையும் கேட்டு வையுங்கள்.

2005-ல் வந்த நுண்காப்பீட்டு விதிகளில் குடிசை, கால்நடை, தொழில் கருவி ஆகியவற்றுக்கான சிறு பாலிசிகளை விற்கும் முகவராகச் சுய உதவிக் குழுவும் இருக்கலாம் என்று வழி செய்தார்கள். ஆகவே நாம் கேள்வி கேட்கத் தயங்க வேண்டியதில்லை.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு வரும்போது எல்லோரும் பாலிசித் தாளைக் கையோடு கொண்டு வாருங்கள். வீடு, கொட்டகை, மாடு மூன்றுக்கும் முடிவுத் தேதியைக் குழு நோட்டில் எழுதிவைப்போம். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக மாட்டின் காதைப் பாருங்கள்.