மடியே முதற்பள்ளி

(பெற்றோர் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



மொழியைக் காப்பவர் எவர் என்னும் வினா எழுந்தால், அரசு என்று விடை கூறுவார் சிலர். பள்ளி என்பார் சிலர். பாவலரும் புலவரும் என்பார் வேறு சிலர். இவரெல்லாரும் மொழியைக் காப்பவரே; மறுப்பதற்கில்லை. ஆயினும், இவர்கள் கைவைப்பதற்கு முன்பே, ஒரு மொழி வாழ்வதா மாள்வதா என்பது ஓரிடத்தில் முடிவாகி விடுகின்றது. அவ்விடம் தாயின் மடி, தந்தையின் தோள், பாட்டியின் திண்ணை. அங்கே ஊன்றப்படாத வித்தை எந்தப் பள்ளியும் வளர்த்துவிட முடியாது. எந்த அரசாணையும் முளைக்க வைத்துவிட முடியாது.

இன்றைத் தமிழ்வீட்டில் நிகழ்வது என்ன? காலையில் தந்தைக்கு விரைவு. தாய்க்கு அதனினும் விரைவு. சோறூட்டும் பொழுது நீண்டுவிடலாகாது என்று பிள்ளையின் கையில் கைப்பேசியைத் திணிக்கின்றனர். ஓடும் படத்தைப் பார்த்தபடியே பிள்ளை வாய் திறக்கின்றது, விழுங்குகின்றது. தான் உண்டது பருப்பா, கீரையா என்பதையும் அஃது அறியாது. முற்றத்தில் நின்று நிலவைக் காட்டி ஊட்டிய காலத்தில், ஒவ்வொரு பிடி சோற்றோடும் ஒரு சொல்லும் உள்ளே சென்றது. காக்கை, குருவி, தென்னை, விண்மீன் என்று உலகமே பிள்ளையின் செவிக்குள் இறங்கிற்று. இன்று சோறு மட்டுமே இறங்குகின்றது.

குழவியோடு ஆறஅமர இருத்தல் என்பது வேலையற்றோர் பொழுதுபோக்கு அன்று. பழந்தமிழர் அதனைக் கலையாகவே பேணினர். பிள்ளைத்தமிழ் என்னும் இலக்கியவகையே அதற்குச் சான்று. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி, சிறுபறை, சிற்றில், சிறுதேர் என ஆண்பாற் பிள்ளைத்தமிழுக்குப் பத்துப் பருவங்கள் உள. பெண்பாலுக்கு இறுதி மூன்றும் மாறி, அம்மானை, நீராடல், ஊசல் முதலியன வரும். மூன்றாம் திங்கள் தொடங்கி இருபத்தொன்றாம் திங்கள் வரை, இரண்டு திங்களுக்கு ஒன்றாக இப்பருவங்களை வகுத்தல் ஒரு முறை. குழந்தை கையூன்றித் தலைநிமிர்த்தி ஆடுவது செங்கீரை; கைகொட்டுவது சப்பாணி; தளர்நடையிட்டு வருவது வருகை. இரண்டு திங்களுக்கொரு மாற்றத்தைக் கண்டு பெயரிட வேண்டுமாயின், எத்துணைப் பொழுது அருகிருந்து பார்த்திருக்க வேண்டும்! ஓடிக்கொண்டே பார்த்தவன் கண்ணுக்குச் செங்கீரையும் தெரியாது; சப்பாணியும் தெரியாது.

இது பெண்டிர்க்கு மட்டும் உரிய பணியென்று ஆடவர் ஒதுங்கிவிடலும் ஆகாது. குறுகுறுவென நடந்து வந்து, கலத்துச் சோற்றில் கையிட்டு, நெய்ச்சோற்றை மேனியெல்லாம் பூசிக்கொள்ளும் குழந்தை இல்லாதவர்க்கு, எத்துணைச் செல்வம் இருப்பினும் வாழ்நாளில் பயனில்லை என்று புறநானூற்றில் பாடியவன் யார்? பாண்டியன் அறிவுடைநம்பி. நாடாளும் வேந்தனுக்குப் பிள்ளை உண்ணும் அழகைப் பார்த்திருக்கப் பொழுது இருந்தது. அதே நூலில் அதியமான் நெடுமான் அஞ்சியைப் பாடும் ஒளவையார், யாழோடும் பொருந்தாது, பொருளும் விளங்காத மழலைமொழி தந்தையர்க்கு அருள் சுரக்கச் செய்வதை உவமையாக எடுத்துரைக்கின்றார். தந்தை செவிகொடுப்பான் என்னும் உறுதி இருந்தமையால் அன்றோ அவ்வுவமை பிறந்தது? திருவள்ளுவரும் மக்கட்பேற்றுக்கென ஓர் அதிகாரம் வகுத்து, பிள்ளையின் சிறுவிரல் துழாவிய கூழையும் அதன் மழலையையும் பெற்றோர் பெறும் இன்பமாகப் போற்றினார்.

முன்னோர் பட்டறிவால் கண்டதை இற்றை அறிவியலும் வழிமொழிகின்றது. 2003-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு வாசிங்டன் பல்கலைக்கழகத்து அறிஞர் பற்றீசியா கூலும் அவர்தம் குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஆங்கிலம் பேசும் வீடுகளில் பிறந்த, ஒன்பது திங்கள் அளவான குழந்தைகளோடு, சீனமொழி பேசுவோர் நேரில் அமர்ந்து பன்னிரண்டு முறை விளையாடினர், பேசினர், நூல் படித்துக் காட்டினர். வேறொரு பிரிவுக் குழந்தைகளுக்கு அதே பேச்சைத் திரைவழியே காட்டினர். முடிவு என்ன? நேரில் கேட்ட குழந்தைகள் சீனமொழியின் ஒலிவேறுபாட்டைப் பிரித்தறிந்தன. திரையில் கேட்டவை அதனைக் கற்கவே இல்லை. சொல் ஒன்றே, ஒலி ஒன்றே. ஆனால் திரை, குழந்தையின் கண்ணைப் பார்ப்பதில்லை, அது 'ங்கா' என்றால் மறுமொழி தருவதில்லை, காத்திருப்பதுமில்லை. உலக நலவாழ்வு அமைப்பும் 2019-இல் வெளியிட்ட நெறிமுறையில், ஈரகவை நிரம்பாத பிள்ளைகட்குத் திரை வேண்டா என்றும், அதற்குமேல் நான்கு அகவை வரை நாளுக்கு ஒரு மணிநேரத்தைக் கடக்கலாகாது என்றும் வரையறுத்துள்ளது. எனவே, தமிழ்ப்பாட்டே ஆயினும் அதனைக் கைப்பேசியிடம் ஒப்படைத்துவிட்டுத் தமிழ் ஊட்டிவிட்டதாக எவரும் அமைதியுறல் வேண்டா.

தனித்தமிழியக்கத்தின் பிறப்பையே எண்ணிப் பாருங்கள். அது மாநாட்டுப் பந்தலில் பிறந்ததன்று. 1916-ஆம் ஆண்டில், பல்லாவரத்து வீட்டுத் தோட்டத்தில், வேதாசலனார் தம் மகள் நீலாம்பிகையோடு உலவிக்கொண்டிருந்தார். மகளுக்கு அப்போது அகவை பதின்மூன்றளவு. வள்ளலாரின் பாடலொன்றைப் பற்றிப் பேச்சு எழுந்தது. அதிலுள்ள 'தேகம்' என்னும் சொல்லின் இடத்தில் 'யாக்கை' என்னும் தூயதமிழ்ச் சொல் அமைந்திருப்பின் எத்துணை இனிமையாயிருக்கும் என்றார் தந்தை. மகள் அதனை உள்ளத்தில் வாங்கினார். இனித் தனித்தமிழிலேயே பேசுவது, எழுதுவது என்று இருவரும் உறுதி பூண்டனர். வேதாசலனார் மறைமலையடிகள் ஆனார். மகளாரோ பின்னாளில் வடசொல்லுக்கு நேரான தமிழ்ச்சொற்களைத் தொகுத்து அகரவரிசையே ஆக்கித் தந்தார். மகளோடு உலவுதற்குத் தந்தைக்கு அன்று பொழுதில்லாதிருந்தால்? வேலையிருக்கின்றது, பிறகு பார்க்கலாம் என்று சொல்லியிருந்தால்? ஓர் இயக்கத்தின் வேர் ஓர் உலாவில் இருக்கின்றது என்பதை மறத்தல் கூடாது.

இவ்விடத்தில் கசப்பான உண்மையொன்றையும் கூறியாக வேண்டும். மாலைதோறும் மேடையேறித் தமிழ் முழங்கும் தொண்டர், இரவு வீடு திரும்பும்போது பிள்ளை உறங்கிவிட்டது. காலையில் அவர் எழுமுன் பிள்ளை பள்ளி வண்டியில் ஏறிவிட்டது. ஊர்ப்பிள்ளைகளுக்கெல்லாம் தமிழுணர்வு ஊட்டியவரின் பிள்ளை, அவரை 'டாடி' என்று விளிக்கின்றது. அவர் சினக்கின்றார், பள்ளியைப் பழிக்கின்றார். ஆனால், 'அப்பா' என்று அழைப்பதற்கு அப்பா அருகில் இருந்தாரா? கூட்டத்திற்குச் செலவிட்ட பொழுதில் பத்தில் ஒன்றையேனும் குழந்தைக்கு ஈந்தாரா? ஊருக்கு விளக்கேற்றுவோர் வீட்டை இருளில் விடுவது தொண்டாகாது.

வேறொரு தவறும் உண்டு. சிலர் பிள்ளையோடு அமர்கின்றனர். அமர்ந்ததும் தூயதமிழைப் பிரம்பாக்கி விடுகின்றனர். குழந்தை 'பளம்' என்கின்றது, உடனே அதட்டு. கொச்சையாய் ஒன்று சொல்கின்றது, உடனே கடிந்துரை. நாளடைவில் குழந்தை வாய்திறக்கவே அஞ்சுகின்றது. ழகரம் நாவுக்குப் பிந்தி வருவது. நான்கைந்து அகவையிலும் பலர்க்குத் திருந்துவதில்லை. 'ஆம், பழந்தான், மஞ்சட் பழம், உரித்துத் தரவா?' என்று பெற்றோர் திருந்தச் சொன்னால் போதும். அச்சொல்லைப் பல நூறு முறை கேட்ட செவி, ஒருநாள் நாவைத் தானே திருத்திக்கொள்ளும். அன்போடு வந்த சொல் தங்கும். அடியோடு வந்த சொல் ஓடும்.

இதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. அவரை உரிக்கும்போது பிள்ளையை அருகில் அமர்த்துங்கள். தோல் எது, விதை எது என்று அதுவே கேட்கும். கேட்டதையே பத்துமுறை கேட்பினும் சலியாது விடை கூறுங்கள். அஃது எறும்பைப் பார்த்து நின்றால், இழுத்துக்கொண்டு போகாமல் உடன் நில்லுங்கள். எறும்பின் வரிசையும் புற்றும் அது சுமக்கும் நொய்யும் அன்றைய பாடமாகட்டும். உறங்குமுன் ஒரு தாலாட்டோ ஒரு கதையோ சொல்லுங்கள். பாட்டனும் பாட்டியும் உடனிருப்பின், அவர்தம் பழமொழியும் விடுகதையும் பிள்ளைக்குக் கிட்டும் வாய்ப்பைத் தடுக்காதீர்கள்.

நாளொன்றுக்கு அறுபது நாழிகை. அவற்றுள் ஒரே ஒரு நாழிகை, இருபத்துநான்கு மணித்துளி, கைப்பேசியை எட்ட வைத்துவிட்டு, கடிகாரத்தைப் பாராமல், தாயும் தந்தையும் பிள்ளையின் முன் தரையில் அமர உறுதி பூணுங்கள். பிள்ளைப்பருவம் காத்திருப்பதில்லை. இன்று மடிதேடி வரும் குழந்தை, நாளை தெருவைத் தேடும். மறுநாள் ஊரைத் தேடும். அது போகுமிடமெல்லாம் தமிழ் உடன்போக வேண்டுமாயின், மடியில் இருக்கும்போதே தமிழ் அதன் நாவில் ஏற வேண்டும்.

தமிழ் மடியில் வாழட்டும்! மடியில் வாழ்ந்த தமிழ் மண்ணில் வெல்லும்!