நீருக்கு நன்றி, உழைப்புக்கு?



ஒரு வட்டாரத்தின் வாழ்க்கை முறையை அறிய அதன் விழா நாள்களைப் பார்ப்பது வழக்கம். கம்பம் பள்ளத்தாக்கை அறிய விரும்புவோர் அதன் விடியற்காலையையும் பார்த்தல் வேண்டும்.

பொழுது புலருமுன்னே கூடலூர், கம்பம், போடிநாயக்கனூர்த் தெருக்களில் ஜீப்புகள் வந்து நிற்கின்றன. தூக்குவாளியில் சோற்றுடன் பெண்கள் நெருக்கியடித்து ஏறுகின்றனர். குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு மலைப்பாதைகளின் வழியே இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குச் சென்று, களையெடுத்தும் காய் பறித்தும், மாலையில் இறங்கி வருகின்றனர். போடியின் ஏலக்காய் வணிகத்திற்குப் பின்னால் அவர்களது விரல்களின் உழைப்பு இருக்கிறது.

மலைமேல் ஏலம், கீழே நெல்லும் தென்னையும் திராட்சையும். இந்தப் பசுமைக்கு ஒரு வரலாறு உண்டு. 1886இல் திருவிதாங்கூருடன் ஒப்பந்தம் செய்யப்பட்டு, பென்னிகுவிக் தலைமையில் கட்டப்பெற்ற பெரியாறு அணை 1895இல் திறக்கப்பட்டது. மேற்கே கடல் நோக்கிச் சென்ற நீர், மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே திரும்பியது. இன்று பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நிலம் அந்நீரால் விளைகிறது.

அந்த நீர் வழிபாட்டிலும் கலந்துவிட்டது. சித்திரைத் திருவிழாவில் வீரபாண்டி கௌமாரியம்மன் கோயிலில் நடப்படும் முக்கொம்புக் கம்பத்திற்கு அடியார்கள் முல்லையாற்று நீரைச் சுமந்து வந்து ஊற்றுகின்றனர், அக்கினிச்சட்டியும் எடுக்கின்றனர். தை மாதத்தில், பென்னிகுவிக் பிறந்த சனவரி 15ஆம் நாளில், அவருக்குப் பொங்கல் வைக்கின்றனர். கடைகளிலும் வீடுகளிலும் அவர் படம் தொங்குகிறது. பிள்ளைகளுக்கும் அவர் பெயர் இடப்படுகிறது. லோயர் கேம்ப்பில் அவருக்கான மணிமண்டபம் 2013இல் திறக்கப்பட்டது. அயல்நாட்டார் ஒருவரைக் குலதெய்வத்தைப் போல் போற்றும் இந்த வழக்கம் பள்ளத்தாக்கு மக்களின் பெருந்தன்மைக்குச் சான்று.

ஆனால் அந்த நன்றி எதுவரை செல்கிறது? மனைவியின் நகைகளை விற்று அவர் அணையைக் கட்டினார் என்னும் வாய்மொழிக் கதை ஊர்தோறும் உண்டு. அதே அணைக்காகக் காட்டில் கல் சுமந்து, காய்ச்சலிலும் நோயிலும் மடிந்த கூலியாள்களைப் பற்றி அப்படியொரு கதை பரவவில்லை. அவர்களது பெயர்களை எந்தப் பொங்கற்பானையும் அறியாது.

இன்று மலையேறும் பெண்களின் நிலையும் அதுவே. அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய வண்டி வளைவில் கவிழ்ந்தால், மறுநாள் நாளிதழில் இடம்பெறும் செய்தியோடு அவர்கள் மறக்கப்படுகின்றனர்.

தை மாதப் பொங்கலின்போது பென்னிகுவிக் படத்தருகே அந்தக் கூலியாள்களுக்கும் ஒரு விளக்கு ஏற்றப்பட வேண்டும். ஏலத்தோட்டத்திற்குச் செல்லும் ஒவ்வொரு பெண்ணுக்கும் வண்டியில் முறையான ஓர் இருக்கை கிடைக்க ஊரார் குரல் கொடுக்க வேண்டும். மாண்டவரை நினைப்பது போலவே, வாழ்பவர் பத்திரமாக வீடு திரும்ப வழி செய்வதும் நன்றியின் பகுதியே.