சத்தம் போடாதவரை முதலில் பாருங்கள்

ரோட்டில் இரண்டு பைக் மோதிவிட்டது. ஒருத்தர் காலைப் பிடித்துக்கொண்டு "ஐயோ, அம்மா" என்று கத்துகிறார். இன்னொருத்தர் ஓரமாக, அசையாமல் கிடக்கிறார். கூட்டம் யாரைச் சுற்றி நிற்கும்? கத்துகிறவரைத்தான்.

ஆனால் முதலில் பார்க்க வேண்டியது சத்தம் போடாதவரை. கத்த முடிகிறது என்றால் மூச்சு ஓடுகிறது. வீட்டில் குழந்தை கட்டிலிலிருந்து விழுந்தால், 'வீல்' என்று அழுத பிறகுதான் பாட்டிக்குப் போன உயிர் திரும்பி வரும். அழாமல் கிடந்தால்தான் பதறுவார். இங்கேயும் அதே கணக்குதான்.

பின்னால் வண்டி வருகிறதா என்று பார்த்துவிட்டுக் கிட்டே போங்கள். தோளைத் தட்டி, "சார், சார்" என்று உரக்கக் கூப்பிடுங்கள். பதில் இல்லையா? உடனே 108. போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். பத்து விநாடி போதும். எப்போதாவது ஒருமுறை 'ஹக்' என்று இழுப்பது மூச்சு ஆகாது. அதில்தான் பலரும் ஏமாந்துபோகிறோம். மூச்சு இல்லையென்றால் நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து, வேகமாக, அழுத்தமாக அமுக்க ஆரம்பியுங்கள்.

கத்துகிறவரை விட்டுவிடச் சொல்லவில்லை. ரத்தம் கொட்டினால், பக்கத்தில் வீடியோ எடுக்கிற தம்பியைக் கூப்பிட்டு, துணியை மடித்துக் காயத்தின் மேல் அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள்.

நினைவில்லாதவர் வாயில் மட்டும் தண்ணீரோ சோடாவோ ஊற்றாதீர்கள். அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.