பந்தியில் அமரும் பிள்ளை



கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மேடையில் பிள்ளைக்குச் சோறூட்டுவதைப் பற்றிப் பேசுவதா எனச் சிலர் எண்ணக்கூடும். முதல் வகுப்பில் வந்து சேரும் பிள்ளை, ஐந்தாண்டுக் கல்வியை வீட்டிலேயே பெற்றுக்கொண்டுதான் வருகிறது. அக்கல்வியில் ஒரு பெரும்பகுதி சோற்றுத் தட்டின் முன் நடைபெற்றதாகும். ஆதலின் இதுவும் கல்விப் பொருளே.

ஒன்றரை வயது, இரண்டு வயதுப் பிள்ளை ஓரிடத்தில் அமர்ந்து உண்ண மறுக்கிறது. தட்டைத் தள்ளுகிறது, எழுந்து ஓடுகிறது. தாய் கிண்ணத்தை ஏந்தித் தெருவெங்கும் பின்தொடர்கிறாள். விடிந்ததும் வேலைக்குப் புறப்பட வேண்டிய தாய்க்கு இஃது எத்துணைத் தொல்லை என்பதை நாம் அறிவோம். முன்பு பூச்சாண்டியைக் காட்டினோம், பிரம்பைக் காட்டினோம், இன்று கைப்பேசியைக் காட்டுகிறோம்.

பிள்ளை மறுப்பதற்குக் காரணம் யாது? பிறந்தபோது 3 கிலோ எடையுள்ள குழந்தை, ஓராண்டு நிறைவில் ஏறத்தாழ 9 கிலோவாகிறது. அடுத்த ஆண்டு முழுவதிலும் கூடுவதோ 2 அல்லது 2½ கிலோ மட்டுமே. வளர்ச்சியின் வேகம் குறையவே, பசியும் குறைகிறது. நடக்கக் கற்ற கால்கள் ஓரிடத்தில் நில்லா. 'மாட்டேன்' என்னும் சொல்லின் வலிமையைப் பிள்ளை கண்டறியும் பருவமும் இதுவே. இவை நோயும் அல்ல; குற்றமும் அல்ல.

அமெரிக்காவைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் கிளாரா டேவிஸ் 1928-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார். பால்குடி மறந்த குழந்தைகளின் முன் பலவகைச் சத்துணவுகளை வைத்து, வற்புறுத்தாமல் உண்ண விட்டார். ஒருநாள் ஒன்றை மிகுதியாகவும், மறுநாள் வேறொன்றை மிகுதியாகவும் உண்ட அக்குழந்தைகள் நன்றாகவே வளர்ந்தன. ஆனால் அங்கு வைக்கப்பட்டவை யாவும் நல்லுணவுகள். தின்பண்டம் ஒன்றும் இல்லை என்பதை மறத்தலாகாது. பின்னாளில் எலின் சாட்டர் என்னும் உணவியல் அறிஞர் இக்கடமையைத் தெளிவாகப் பிரித்துரைத்தார். எதை, எப்போது, எங்கே அளிப்பது என்பது பெற்றோரின் பொறுப்பு. எவ்வளவு உண்பது என்பது பிள்ளையின் பொறுப்பு.

இனி, நாம் செய்யத்தக்கவை எவை?

முதலாவது, பசி எடுக்க இடம் கொடுத்தல். உணவு வேளைக்கு முன் தேநீரும் பிஸ்கட்டும் கொடுத்துவிட்டுப் பிள்ளை உண்ணவில்லையே என வருந்துவதில் பயனில்லை. தேநீர் பசியைக் கெடுப்பதோடு, உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதையும் தடுக்கிறது. பாலையும் அளவு கடந்து கொடுத்தலாகாது.

இரண்டாவது, இடமும் நேரமும் மாறாதிருத்தல். நாள்தோறும் ஒரே பாய், ஒரே மூலை, பிள்ளைக்கென ஒரு சிறு தட்டு. தந்தையும் அண்ணனும் உடன் அமர்ந்து உண்ணட்டும். வீட்டார் நின்றுகொண்டும் நடந்துகொண்டும் உண்டால், பிள்ளை மட்டும் எவ்வாறு அமரும்?

மூன்றாவது, தன் கையால் உண்ண விடுதல். சிறிதளவே பரிமாறுவோம், கேட்டால் மீண்டும் இடுவோம். சிந்தினால் துடைத்துக்கொள்ளலாம். கீரை வேண்டுமா, முட்டை வேண்டுமா என இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்யச் சொன்னால், பிடிவாதம் தானே தணியும். ஒதுக்கிய உணவைப் பத்துமுறையேனும் சிறிது சிறிதாக மறுபடி வைத்துப் பார்த்தல் வேண்டும்.

நான்காவது, எல்லை வகுத்தல். இருபது நிமிடம் போதுமானது. பிள்ளை எழுந்து சென்றால் ஒருமுறை அழைப்போம். வரவில்லையெனில் சினமின்றித் தட்டை எடுத்துவிட்டு, அடுத்த வேளையில் மீண்டும் அளிப்போம். ஓடும் பிள்ளையின் வாயில் உணவை இடுதல் ஆபத்து, மூச்சுக்குழலில் அடைத்துக்கொள்ளும். முழு நிலக்கடலையை இவ்வயதில் கொடுக்கவே கூடாது.

ஐந்தாவது, கைப்பேசியை விலக்குதல். ஓராண்டு நிரம்பிய குழந்தைக்குத் திரை வேண்டாம் என்றும், இரண்டு வயதில் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்திற்கு மேல் கூடாது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019-இல் அறிவித்தது. திரையைப் பார்த்து விழுங்கும் பிள்ளை தன் பசியையும் அறியாது, நிறைவையும் அறியாது.

பிள்ளையின் எடை குறைந்தாலோ, மாதக்கணக்கில் கூடாதிருந்தாலோ, பொறுத்திருத்தல் தகாது. அங்கன்வாடியில் எடை பார்த்து, மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும்.

அன்பர்களே! 'அடங்கு' என்னும் சொல்லைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்டவர்கள் நாம். பந்தியில் இடம் மறுக்கப்பட்டவர்கள். தள்ளி அமரச் சொல்லப்பட்டவர்கள். அத்தகைய நம் வீட்டில் மன உறுதியோடு ஒரு பிள்ளை பிறந்தால், அவ்வுறுதியைப் பிரம்பால் ஒடிப்பதா? அதனைப் பேணி நெறிப்படுத்துதல் அன்றோ நம் கடன்?

காமராசர் 1956-இல் மாநிலமெங்கும் பரவச் செய்த மதிய உணவும், 1975-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணியும், எம்.ஜி.ஆர். 1982-இல் தொடங்கிய சத்துணவும், 2022-இல் வந்த காலை உணவும் நம் பிள்ளைகளைப் பிறருடன் ஒரே வரிசையில் அமர்த்த வந்த திட்டங்கள். அவ்வரிசையில் நம் பிள்ளை நிமிர்ந்து அமர்ந்து, 'இன்னும் வேண்டும்' எனத் தயங்காமல் கேட்கவும், 'போதும்' என அஞ்சாமல் சொல்லவும் வேண்டும். அவ்விரு சொற்களுக்கும் முதலில் மதிப்பளிக்க வேண்டியது வீடு. தன் சொல் மதிக்கப்படுவதைச் சோற்றுத் தட்டின் முன் கண்ட பிள்ளை, நாளை எந்தச் சபையிலும் தலைகுனிந்து நிற்காது.

இன்றிரவே நம் வீடுகளில் ஒரு பாயை விரிப்போம். அனைவரும் உடன் அமர்வோம்.

வாழ்க சங்கம்! வளர்க கல்வி!