உசாவாமல் ஒறுப்பது செங்கோல் ஆகுமா?

(அரியலூர்க் கூட்டத்தில் ஆற்றிய உரை)

பெரம்பலூரினின்றும் அரியலூரினின்றும் வந்து குழுமியுள்ள பெரியோர்களே, தாய்மார்களே, இளைஞர்களே!

தடா, பொடா, ஊபா என்று அடுத்தடுத்து வந்த அடக்குமுறைச் சட்டங்களைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்துள்ளீர்கள். யான் சட்டம் பயின்றவனல்லன், தமிழ் பயிற்றுபவன். ஆயினும் இச்சட்டங்களை நோக்கி எழுப்பவேண்டிய கேள்வி, சிலப்பதிகாரம் படித்த பள்ளி மாணவனும் அறிந்த கேள்வியே. ஒருவனை ஒறுக்குமுன் உசாவினாயா என்பதே அது.

முதற்கண் நம் மண்ணில் நடந்ததைச் சொல்லிவிட வேண்டும். 1987-ஆம் ஆண்டு மார்ச்சு 15-ஆம் நாள், இவ்வூரையடுத்த மருதையாற்றுப் பாலத்தில் குண்டு வெடித்து மலைக்கோட்டை விரைவுத் தொடர்வண்டி தடம்புரண்டது. ஏதுமறியா வழிச்செலவினர் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதே ஆண்டு செபுதம்பர் 1-ஆம் நாள், பொன்பரப்பியில் வைப்பகக் கொள்ளை முயற்சியின்போது தமிழரசனும் உடன்வந்த நால்வரும் கூட்டத்தாரால் அடித்துக் கொல்லப்பட்டனர். பாலத்தில் மாண்டவரும் தமிழர்; பொன்பரப்பியில் மாண்டவரும் தமிழர். முன்னவர் செய்த குற்றம் எதுவுமில்லை. பின்னவர் எவ்வழக்குமன்றத்தின் முன்னும் நிறுத்தப்படவில்லை. இவ்விரண்டையும் மறைத்துவிட்டு உரிமை பேசுவது நேர்மையாகாது. வன்முறையால் வரும் துன்பத்தை நாம் அறியாதவரல்லேம். அறிந்தே பேசுகின்றோம்.

கொடியவரை வேந்தன் ஒறுத்தலைக் களையெடுத்தலோடு ஒப்பிட்டார் திருவள்ளுவர். அவ்வுவமையின் பொருள் உழவர் மக்களாகிய உங்கட்கு நன்கு விளங்கும். பெரம்பலூர்ப் பக்கத்தில் சின்ன வெங்காயப் பாத்தியில் களையெடுக்கும் தாயைப் பாருங்கள். கோரை முளையும் வெங்காயத் தாளும் நெருங்கி நிற்கும். அவள் குனிந்து, பார்த்து, கோரையை மட்டும் பிடுங்குகிறாள். பாராமல் பிடுங்குபவளைக் கொல்லைக்காரர் மறுநாள் வேலைக்கு அழையார். அந்தப் பார்வைக்குத்தான் ஆட்சியில் உசாவல் என்று பெயர். பார்க்கும் கடமையைச் சுருக்கிவிட்டுப் பிடுங்கும் ஆற்றலை மட்டும் பெருக்குவனவே நாம் பேசும் சட்டங்கள்.

எவ்வாறு சுருக்கினர் என்பதைப் பார்ப்போம். காவலர்முன் ஒருவன் சொன்ன ஒப்புதல்மொழி அவனுக்கெதிரான சான்றாகாது என்பது 1872-ஆம் ஆண்டுச் சான்றுச் சட்டத்தின் நெறி. அச்சட்டத்தை இயற்றியவன் வெள்ளையன். அடிமை நாட்டை ஆண்டவனே, காவற்கூடத்தில் ஒப்புதல் எப்படி வாங்கப்படும் என்பதை அறிந்து வைத்த வேலி அது. 1985-இல் பிறந்து 1987-இல் வலுப்பெற்ற தடாச் சட்டம் அவ்வேலியைப் பிடுங்கியெறிந்தது. கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத காவல் அலுவலர் எழுதிக்கொள்ளும் ஒப்புதல்மொழியே சான்றாகும் என்றது. 1994-இல் உச்ச அறமன்றம் அப்பிரிவு செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஐவருள் இரு நடுவர் அதற்கு உடன்படவில்லை.

அதன் விளைவைத் தமிழகம் கண்டது. இராசீவ் காந்தி கொலைவழக்கு பூந்தமல்லித் தடா மன்றத்தில் மூடிய கதவுக்குள் நடந்தது. 1998 சனவரி 28-இல் குற்றம் சாற்றப்பட்ட 26 பேர்க்கும் தூக்கு விதிக்கப்பட்டது. 1999 மே திங்களில் உச்ச அறமன்றம் அவர்களுள் 19 பேரை விடுவித்தது. நால்வர்க்குத் தூக்கையும் மூவர்க்கு வாழ்நாள் சிறையையும் விதித்தது. தடாச் சட்டத்தின்படியான வன்செயற் குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை என்றும் அதே தீர்ப்புக் கூறியது. ஆயின் அச்சட்டத்தின்கீழ் வாங்கிய ஒப்புதல்மொழிகள் மட்டும் சான்றாக நின்றன. மரம் பட்டுப்போயிற்று, அதில் காய்த்த காய் மட்டும் உண்ணத்தக்கது என்பது போன்றதன்றோ இது?

பேரறிவாளன் 1991 சூன் 11-இல் சிறைப்பட்டபோது அவர்க்கு அகவை 19. இரண்டு மின்கலங்கள் வாங்கித் தந்தார் என்பது அவர்மீது சாற்றிய குற்றம். அவை எதற்கு என்று தமக்குத் தெரியாது என அவர் சொன்னதைத் தாம் எழுதாது விட்டதாக, ஒப்புதல்மொழியைப் பதிந்த அலுவலரே 2013-இல் வெளிப்படக் கூறினார். எழுதாது விட்ட ஒரு தொடர் ஓர் இளைஞனைத் தூக்குமேடையின் நிழலில் நிறுத்தியது. அவர் விடுதலை பெற்றது 2022 மே 18-இல். இடையில் கழிந்தவை ஏறத்தாழ முப்பத்தோராண்டுகள்.

1995-இல் தடா முடிந்தது. 2002-இல் பொடா வந்தது. அதைக் கொணர்ந்த கூட்டணியில் தமிழகக் கட்சிகளும் இருந்தன. அக்கூட்டணியில் இருந்த வைகோ அவர்களே, சட்டம் நிறைவேறிய நான்கு திங்களுக்குள், திருமங்கலத்தில் ஆற்றிய ஓர் உரைக்காக அச்சட்டத்தாலேயே தளைப்பட்டு ஓராண்டுக்கு மேல் சிறையிருந்தார். பழ. நெடுமாறன் அவர்களும் அதே பொடாவில் சிறையிருந்தார். இதனைக் குறை கூறுதற்காகச் சொல்லவில்லை. பாடம் கொள்வதற்காகவே சொல்கிறேன். பிறர்க்கென்று வெட்டும் குழி நம் வாயிலிலேயே வெட்டப்படுகிறது. ஈழத்திலும் இதுவே நடந்தது. 1979-இல் தற்காலிகம் என்று சொல்லிக் கொணர்ந்த பயங்கரவாதத் தடைச்சட்டம் 1982-இல் நிலைச்சட்டமாயிற்று. நாற்பதாண்டுகளுக்கு மேல் தமிழ் இளைஞரைச் சிறைக்கு அனுப்பியது.

2004-இல் பொடா நீக்கப்பட்டது. ஆனால் அதன் பல பிரிவுகள், 1967-ஆம் ஆண்டின் ஊபாச் சட்டத்துள் 2004-இலும் 2008-இலும் குடியேறின. காவலர்முன் சொன்ன ஒப்புதல்மொழியைச் சான்றாக்கும் பிரிவு ஊபாவில் இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அதனினும் நுட்பமான வழி அதில் உள்ளது. குற்ற அறிக்கை இன்றியே 180 நாள்வரை காவலில் வைக்கலாம். காவல்துறையின் ஏடுகளைப் பார்த்து, குற்றச்சாற்று மேற்பார்வைக்கு மெய்யெனத் தோன்றினாலே நடுவர் பிணை தரலாகாது. குற்றஞ் சாற்றியவன் எழுதிய ஏட்டை வைத்தே சாற்றப்பட்டவனின் விடுதலை அளக்கப்படுகிறது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தமோ, வழக்குமன்றத் தீர்ப்பின்றியே தனியொருவரைப் பயங்கரவாதி என்று அரசு அறிவிக்கலாம் என்றது. இங்கே உசாவலுக்கு முன்பே ஒறுப்பு வந்துவிடுகிறது. காத்திருப்பே தண்டமாகிறது.

நடுவணரசு 2022-இல் நாடாளுமன்றத்தில் தந்த கணக்கைக் கேளுங்கள். 2016 முதல் 2020 வரையிலான ஐந்தாண்டில் ஊபா வழக்குகளில் சிக்கியோர் 24,134 பேர். தண்டம் பெற்றோர் 212 பேர். குற்றமற்றவரென விடுதலையானோர் 386 பேர். தீர்ப்புக் கண்டவர் நூற்றுக்கு மூவர்கூட இல்லை. தீர்ப்புக் கண்டவருள்ளும் குற்றமற்றவரே மிகுதி.

அந்த எண்ணிக்கையுள் அடங்கியவர் இசுடான் சுவாமி அடிகள். நம் இரு மாவட்டங்களையும் தன்னகத்தே கொண்டிருந்த பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் விரகாலூரில் 1937-இல் பிறந்தவர். சார்க்கண்டுப் பழங்குடி மக்களின் நிலவுரிமைக்காக உழைத்தவர். பீமா கோரேகான் வழக்கில் 2020 அக்டோபர் 8-இல் தளைப்பட்டபோது அகவை 83. நடுக்குவாத நோயால் கை நடுங்கிக் குவளையைப் பற்ற இயலாமல், நீர் பருக ஓர் உறிஞ்சுகுழல் கேட்டார். அதற்கே கிழமைகள் பல கழிந்தன. பிணை வேண்டிய முறையீடு மும்பை உயர் அறமன்றத்தில் நிலுவையில் இருக்கும்போதே, 2021 சூலை 5-இல் உயிர் நீத்தார். அவர் குற்றவாளியா அல்லரா என்று எம்மன்றமும் உசாவி முடிக்கவில்லை. இனி முடிக்கவும் இயலாது.

"அப்படியாயின் குண்டு வைத்தவனை விட்டுவிடலாமா?" என்று கேட்பார் உளர். விடவேண்டா. மருதையாற்றில் மாண்டோர்க்கு நயன் வேண்டும். ஆனால், குற்றமற்ற ஒருவனைச் சிறையில் வைத்தால் குற்றம் செய்தவன் வெளியே திரிகிறான் என்பதை நினையுங்கள். ஆராயாது ஒறுப்பதால் மாண்டவர்க்கும் நயன் கிட்டுவதில்லை.

நம் கோரிக்கைகள் மூன்று. பிணை தரும் உரிமை முழுமையாக நடுவரிடம் மீளவேண்டும். வழக்கு குறித்த காலத்துள் முடியாவிடில், உள்ளிருப்பவர் வெளிவரவேண்டும். குற்றமற்றவரென விடுதலையானவர்க்கு, இழந்த ஆண்டுகளுக்கு அரசு ஈடு தரவேண்டும். இவற்றைத் தமிழர்க்கென்று மட்டும் கேளாதீர்கள். காசுமீரத்து முசுலீமுக்கும் சார்க்கண்டுப் பழங்குடிக்கும் சேர்த்தே கேளுங்கள். தமக்கு மட்டும் கேட்கப்படும் நயன், நயன் ஆகாது.

பாண்டியன் பொற்கொல்லன் சொல் ஒன்றையே நம்பி, உசாவாமல் கோவலனைக் கொல்வித்தான். பிழை தெரிந்த அப்பொழுதே அரியணையில் உயிர் துறந்தான். இன்றைய ஆட்சியாளரை நாம் உயிர் கேட்கவில்லை. ஒறுக்குமுன் குனிந்து பாருங்கள் என்றே கேட்கின்றோம். ஒவ்வோர் ஊரிலும், ஒவ்வொரு மேடையிலும் இதனைக் கேட்போம்.