தைராய்டும் தலைமை அலுவலகமும்

(நமது சங்கக் கூட்டத்தில் பேசியது)

நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். இதைப் பேச எனக்குள்ள ஒரே தகுதி, நான் செய்த ஒரு தவறு.

வேர்வை, உமிழ்நீர்ச் சுரப்பிகளுக்குக் குழாய் உண்டு. தைராய்டு, பிட்யூட்டரி, அட்ரினல் போன்றவற்றுக்கு அது கிடையாது. ஹார்மோனை நேராக ரத்தத்தில் விட்டுவிடும். 'நாளமில்லாச் சுரப்பிகள்' என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தோமே, அதுதான். கழுத்தில் இருக்கும் தைராய்டு ஏறக்குறைய 20 கிராம். ஆனால் இதயத் துடிப்பு, உடம்புச் சூடு, மலச்சிக்கல், ஞாபகம், மாதவிலக்கு எல்லாவற்றிலும் அதற்குப் பங்கு உண்டு.

மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரியைத் தலைமை அலுவலகம் என்று வையுங்கள்; தைராய்டு ஒரு கிளை. கிளையில் வேலை குறைந்தால் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதத்துக்கு மேல் கடிதம் வரும். அந்தக் கடிதம்தான் டி.எஸ்.எச். ஆகவே ரிப்போர்ட்டில் டி.எஸ்.எச். கூடியிருந்தால், பெரும்பாலும் தைராய்டு குறைவாகச் சுரக்கிறது என்று பொருள். இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டவர்கள் நம் பிளாக்கிலேயே இருக்கிறார்கள்.

என் மனைவி தைராக்சின் மாத்திரை சாப்பிட்டு வந்தாள். ஒருமுறை ரிப்போர்ட் நார்மல் என்று வந்தது. "சரியாகிவிட்டதே, இனி எதற்கு?" என்று நிறுத்தச் சொன்னது நான்தான். பத்து நாள் ஒன்றும் ஆகவில்லை. எனக்குப் பெருமை வேறு! ரத்தத்தில் இருக்கும் தைராக்சின் பாதியாகக் குறையவே சுமார் 7 நாள் ஆகுமாம். பழைய இருப்பில் கணக்கு ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. மூன்றாவது மாதம் முகம் ஊதி, குரல் தடித்து, நம்ம ஊர் சித்திரை வெயிலில் போர்வை கேட்டாள். வயசாகிறது என்றேன். பால் பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டே அவள் சும்மா நின்ற அன்றுதான் டாக்டரிடம் ஓடினோம். மாத்திரை சாப்பிட்டதால்தான் ரிப்போர்ட் நார்மலாக இருந்தது என்று அவர் எனக்குப் பொறுமையாக விளக்கினார்.

வெறும் வயிற்றில் மாத்திரை, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துக் காபி. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி. கர்ப்பமானால் அளவைக் கூட்ட வேண்டி வரலாம். மகள், மருமகள் யாராவது இந்த மாத்திரை சாப்பிட்டால் நாள் தள்ளியதுமே டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள். குழந்தையின் மூளை வளர்ச்சி அதில் இருக்கிறது.

உப்பைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 1956-இல் இமாசலத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் டாக்டர் வி. ராமலிங்கசுவாமியும் குழுவினரும் மூன்று பகுதிகளைப் பிரித்து, இரண்டுக்கு அயோடின் உப்பும் ஒன்றுக்குச் சாதா உப்பும் கொடுத்தார்கள். சில ஆண்டுகளில் முதல் இரண்டிலும் முன்கழுத்துக் கழலை வெகுவாகக் குறைந்தது, மூன்றாவதில் குறையவில்லை. 1962-இல் தேசியத் திட்டமே வந்தது. ஆனால் எல்லாத் தைராய்டு கோளாறும் உப்பால் வருவதில்லை. நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்குவதும் உண்டு. என் மனைவிக்கு அதுதான். அதற்கு உப்பை மாற்றிப் பயனில்லை, மாத்திரைதான்.

"கடலுப்பில் அயோடின் தானாக இருக்காதா?" என்கிறார்கள். மரக்காணம் உப்பானாலும் தூத்துக்குடி உப்பானாலும், காயவைத்த உப்பில் அது மிகச் சொற்பம். தனியாகத்தான் சேர்க்க வேண்டும். கேட்டுக்கு வரும் கல் உப்பு வண்டிக்காரரைக் கேட்டேன். "அதெல்லாம் சேர்க்கறது இல்ல சார்" என்றார். எங்கள் வீட்டில் இப்போது சமையலுக்குப் பாக்கெட் உப்புதான்.