கை கூப்பாதவரும் பாட மறுத்தவர்களும்

(ஜவ்வாது மலை ஒன்றிய ஆசிரியர்களுக்கான குறுவள மையக் கூட்டத்தில், உயர்நிலைப் பள்ளி சமூக அறிவியல் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்த தலைப்பு மத நல்லிணக்கம். இந்தத் தலைப்பில் நாம் எல்லோருமே பேசியிருக்கிறோம். சார்ட் தாளில் மூன்று மதங்களின் சின்னங்களை வரைந்து, நடுவில் இரண்டு கைகள் குலுக்குவது போல் ஒரு படம் போட்டு, சுவரில் ஒட்டியும் இருக்கிறோம். அந்தச் சார்ட்டில் இடமே இல்லாத ஒருவரைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். கடவுள் இல்லை என்று சொல்கிறவர் அவர். வரைவதற்கு அவருக்கு ஒரு சின்னம் கிடையாது. ஆனால் நம் ஆசிரியர் அறையில் அவருக்கு ஒரு நாற்காலி இருக்கிறது.

நான் கிறிஸ்தவப் பெண். ஞாயிறு ஆராதனையைத் தவறவிடாதவள். என் மேசைக்குப் பக்கத்து மேசை அறிவியல் ஆசிரியருடையது. அவர் நாத்திகர். விடுமுறை நாட்களில் கறுப்புச் சட்டை போட்டுக் கூட்டங்களுக்குப் போகிறவர். நான் நம்புவது தவறு என்று அவர் என்னிடமே சொல்லியிருக்கிறார், அவர் சொல்வது தவறு என்று நானும் சொல்லியிருக்கிறேன். எட்டு ஆண்டுகளாக ஒரே பேருந்தில் மலை ஏறுகிறோம். போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் வரை அத்தனை வளைவுகளிலும் விவாதம் நடந்திருக்கிறது. யாரும் யாரையும் மாற்றவில்லை.

எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஒருநாள் அவரிடம் போய், "சார், நீங்க ரொம்ப நல்லவரு. ஆனா சாமி இல்லன்னு சொல்றதால நரகத்துக்குப் போயிடுவீங்களாம். நான் தெனமும் உங்களுக்காக ஜெபம் பண்றேன்" என்று சொல்லிவிட்டாள். அவர் சிரிக்கவுமில்லை, கோபப்படவுமில்லை. "ரொம்ப நன்றிம்மா. நாளைக்கு அந்தத் தாவர செல் படத்தை வரைஞ்சுட்டு வா" என்று அனுப்பிவிட்டார்.

செய்தி ஆசிரியர் அறைக்கு வந்ததும் இரண்டு கட்சியாகிவிட்டது. "சின்னப் பிள்ளைக்கு என்ன சொல்லிக் கொடுத்து வளர்க்கிறாங்க பாருங்க" என்றார் ஒருவர். "அது அன்புல சொன்னது, அதுல என்ன தப்பு?" என்றார் இன்னொருவர். இரண்டு பேர் சொன்னதிலும் உண்மை இருந்தது. அந்தக் குழந்தையின் வாயிலிருந்து வந்தது ஒரு தீர்ப்பு. அந்தத் தீர்ப்பைத் தாங்க முடியாமல்தான் அவள் தினமும் ஜெபம் செய்கிறாள். தனக்குப் பிடித்த சாரை எரிய விட அவளுக்கு மனமில்லை. சார் அவள் சொன்னதில் இருந்த அன்பை எடுத்துக்கொண்டார், தீர்ப்பை மேசையிலேயே விட்டுவிட்டார்.

மறுநாள் அதே வகுப்பு என்னிடம் வந்தது. "டீச்சர், நீங்க சர்ச்சுக்குப் போறவங்கதானே, சார் நரகத்துக்குப் போவாரா?" என்று கேட்டார்கள். அரசு சம்பளம் வாங்கும் ஆசிரியை வகுப்பறையில் மதம் போதிக்கக் கூடாது. அதற்காக ஜெபிக்கிற ஒரு பெண்ணிடம் அவள் நம்பிக்கை கேலிக்குரியது என்ற எண்ணத்தையும் விட்டுவிட்டு வரக் கூடாது. "அந்தத் தீர்ப்பு எழுதுற வேலையை எனக்கு யாரும் கொடுக்கலப்பா. எனக்குக் கொடுத்த வேலை உங்க விடைத்தாளைத் திருத்துறது. அதையே இன்னும் முடிக்கல" என்றேன். சிரித்துவிட்டார்கள். சமாளிப்பதற்காகச் சொன்ன பதில் இல்லை இது. மலைப்பிரசங்கத்தைப் படித்த எந்தக் கிறிஸ்தவருக்கும் பிறரைத் தீர்ப்பிடுவது பற்றி அங்கே என்ன எச்சரிக்கை இருக்கிறது என்று தெரியும்.

இனி நீதிமன்றத்துக்குப் போவோம். சமூக அறிவியல் ஆசிரியையிடம் ஒலிவாங்கியைக் கொடுத்தால் அரசியலமைப்புச் சட்டம் வராமல் இருக்காது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

1985 ஜூலை மாதம். கேரளத்தில் ஒரு பள்ளி. மூன்று உடன்பிறந்த பிள்ளைகள், யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள். காலைக் கூட்டத்தில் தேசிய கீதம் பாடும்போது மரியாதையோடு எழுந்து நிற்பார்கள், பாட மாட்டார்கள். தங்கள் நம்பிக்கைப்படி கடவுளைத் தவிர வேறு எதற்கும் அப்படிப் பாடக் கூடாது என்பது அவர்கள் பக்கத்து நியாயம். ஒருவர் அதைக் கவனித்தார், சட்டமன்றத்தில் கேள்வி எழுந்தது, விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. பிள்ளைகள் ஒழுங்கானவர்கள், தேசிய கீதத்தை அவமதிக்கவில்லை என்றே அந்தக் குழு சொன்னது. ஆனாலும் கல்வி அதிகாரியின் அறிவுறுத்தலின் பேரில் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். கேரள உயர் நீதிமன்றம் கைவிட்டது. 1986 ஆகஸ்ட் 11 அன்று, பிஜோ இம்மானுவேல் வழக்கில், நீதிபதி ஓ. சின்னப்ப ரெட்டியும் நீதிபதி எம்.எம். தத்தும் அந்தப் பிள்ளைகளைத் திரும்பச் சேர்க்கச் சொன்னார்கள். எழுந்து நிற்பதே மரியாதைதான், பாடியே தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை என்றது உச்ச நீதிமன்றம். அதைவிட முக்கியமாக இன்னொன்றையும் சொன்னது. அந்த நம்பிக்கை நம் அறிவுக்கு ஏற்புடையதா என்பது கேள்வியல்ல, அவர்கள் அதை உண்மையாகவே, மனச்சாட்சிப்படி நம்புகிறார்களா என்பதே கேள்வி.

அடுத்த வழக்கு மகாராஷ்டிரத்தில், நாசிக்கில். இங்கே சிக்கலில் மாட்டியவர் ஓர் ஆசிரியர். காலைக் கூட்டத்தில் பிரார்த்தனை நடக்கும்போது அமைதியாக நிற்பார், கை கூப்ப மாட்டார். காரணம், அவர் நாத்திகர். இதை ஒழுங்கீனம் என்று எழுதி அவருக்கு வர வேண்டிய உயர் ஊதிய நிலையை நிறுத்தி வைத்தார்கள். 2013இல் மும்பை உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. பிரார்த்தனையில் கை கூப்பச் சொல்லி ஆசிரியரைக் கட்டாயப்படுத்துவது அவருடைய அடிப்படை உரிமையை மீறுவதாகும் என்றது.

ஒரு வழக்கில் பிரச்சினை உதடு, இன்னொன்றில் கை. ஒரு பக்கம் கடவுளை மிகத் தீவிரமாக நம்பிய பிள்ளைகள், மறுபக்கம் கடவுளே இல்லை என்ற ஆசிரியர். இருவரையும் காத்தது மனச்சாட்சிச் சுதந்திரம் என்ற ஒன்றுதான். சட்டமன்ற உறுப்பினர்கள் பதவியேற்பதைத் தொலைக்காட்சியில் நம் பிள்ளைகள் பார்க்கிறார்கள். சிலர் கடவுளின் பெயரால் என்கிறார்கள், சிலர் உளமார என்கிறார்கள். மூன்றாவது அட்டவணை இரண்டு வாசகத்துக்கும் இடம் வைத்திருக்கிறது. பிறகு இருவரும் ஒரே அவையில்தான் உட்கார வேண்டும்.

நம் காலைக் கூட்டத்துக்கு இன்னமும் 'வழிபாட்டுக் கூட்டம்' என்றுதான் பெயர். முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் கல்வி நிறுவனத்தில் சமயப் போதனை கூடாது என்கிறது பிரிவு 28. பெயரில் என்ன இருக்கிறது என்று விட்டுவிடலாம். ஆனால் அந்தப் பெயரை நம்பிக்கொண்டு, கண்ணை மூடாத பிள்ளையின் தலையில் தட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அதை விட்டுவிட முடியாது.

வரலாற்றிலிருந்து ஒன்று. நம் மலையில் பலருக்குப் பெரிய வைத்தியம் என்றால் வேலூர்தான். அங்கே இருக்கும் சி.எம்.சி. மருத்துவமனையை 1900இல் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கியவர் ஐடா ஸ்கடர் என்ற மிஷனரிப் பெண். ஊழியம் என்றே அதைத் தொடங்கினார். அதே மருத்துவமனையில்தான் 1973 டிசம்பர் 24 அன்று, கிறிஸ்துமஸுக்கு முதல் நாள், தந்தை பெரியார் இறந்தார். அவருக்கு வயது 94. ஐந்து நாள் முன்பு, 19ஆம் தேதி, சென்னை தியாகராய நகரில் மூத்திர வலியோடு மேடையில் பேசிக்கொண்டிருந்தவர். கடவுள் மறுப்பைத் தமிழ்நாட்டில் தெருத்தெருவாகக் கொண்டுபோனவர், கிறிஸ்தவத்துக்குள் இருக்கும் சாதியையும் விட்டுவைக்காதவர். அவரைக் கடைசியில் கொண்டுவந்து சேர்த்த இடம் ஒரு கிறிஸ்தவ மருத்துவமனை. அங்கே யார் யாரிடம் என்ன பேசினார்கள் என்று நான் கதை கட்டப் போவதில்லை. இதைச் சொன்னால் என் பக்கத்தவர்களில் சிலருக்குக் கண் மின்னும், "பார்த்தீர்களா, கடைசியில் எங்கே வந்தார்!" என்பார்கள். அப்படிச் சொல்வது அந்த மருத்துவமனைக்கே மரியாதை இல்லை. நோயாளியாக வந்த மனிதருக்கு அவர்கள் வைத்தியம் பார்த்தார்கள். அவர் தன் கொள்கையோடு வந்தார், கொள்கையோடு இறந்தார்.

இதற்கும் முன்னால் வைக்கம். 1924இல் அந்தப் போராட்டத்தின் தலைவர்கள் ஒவ்வொருவராகக் கைதானபோது, ஈரோட்டிலிருந்து பெரியாரை அழைத்தவர்களில் ஒருவர் பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப், மதுரையில் வழக்கறிஞராக இருந்த கிறிஸ்தவர். அன்று பெரியார் காங்கிரஸ்காரர், நாத்திகப் பிரசாரம் அப்போது தொடங்கவில்லை என்பதையும் சேர்த்தே வகுப்பில் சொல்லுங்கள். பாதி வரலாறு சொல்லக் கூடாது.

இனி நம் காவலூர். வைணு பாப்பு வானாய்வகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போன ஆசிரியர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். 1977 மார்ச்சில் யுரேனஸ் கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பதற்கான அடையாளம் பதிவான இடங்களில் ஒன்று அது. அங்கே போய் வந்த பேருந்தில்தான் அறிவியல் ஆசிரியர் எனக்கு ஒரு கதை சொன்னார். அண்டம் விரிவடைகிறது, அது ஒரு தொடக்கப் புள்ளியிலிருந்து வந்தது என்ற கருத்தை முன்வைத்தவர்களில் முதன்மையானவர் லெமேத்ர் என்ற பெல்ஜியம் நாட்டுக் கத்தோலிக்கப் பாதிரியார். அந்தக் கருத்தை ஏற்காத நாத்திக விஞ்ஞானி ஃபிரெட் ஹாயில், 1949இல் வானொலியில் பேசும்போது அதற்கு வைத்த பெயர்தான் பெருவெடிப்பு. 1951இல் போப்பாண்டவர் இந்தக் கோட்பாட்டைப் படைப்புக்குச் சான்று போலப் பேசியபோது, அதை விரும்பாதவர் அந்தப் பாதிரியாரே. அறிவியலை அறிவியலாகவே விட வேண்டும் என்று அவர் நினைத்தார். "உங்க சாமியார் சொன்னதைத்தான் டீச்சர் நான் பாடமா நடத்துறேன்" என்றார் சார். சொல்லும்போது அவருக்கு இருந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! தன் எதிர்த்தரப்பில் ஒரு பெரிய மனிதரைக் கண்டுபிடித்துச் சொல்வதில் இவ்வளவு சந்தோஷப்படுகிறவரோடு சண்டை போட்டுக்கொண்டே நண்பராக இருக்கலாம்.

இதுவரை சொன்னதைவிடச் சங்கடமான விஷயம் ஒன்று உண்டு. எங்களைப் போல் சமவெளியிலிருந்து வருகிறவர்கள் எல்லாவற்றிலும் முரண்படுகிறோம், ஒன்றில் மட்டும் ஒத்துப்போய்விடுகிறோம். மலையாளிப் பழங்குடிப் பிள்ளை ஊர்த் திருவிழாவுக்காக மூன்று நாள் வராமல் இருந்துவிட்டு வருகிறான். நம்மில் கிறிஸ்தவர் ஒருவர் அந்தத் தெய்வத்தைப் பேய் என்கிறார். பகுத்தறிவாளர் ஒருவர் அதையே மூடநம்பிக்கை என்கிறார். சொல்தான் வேறு, பையனின் முகம் வாடுவது ஒரே மாதிரிதான். "யார் வீட்டுல இன்னும் சாமியாடுறாங்க, கை தூக்குங்க" என்று வகுப்பில் கேட்ட ஆசிரியரும் உண்டு. பாதி தூக்கிய கையைக் கீழே இறக்கிய பிள்ளைக்கு அன்று அறிவியல் மனப்பான்மை வளர்ந்திருக்காது, தன் பாட்டி மேல் வெட்கம்தான் வளர்ந்திருக்கும்.

அதற்காக எதையும் சொல்லாமல் இருந்துவிடலாமா? பிரிவு 51அ அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பதை அடிப்படைக் கடமையாகவே வைத்திருக்கிறது. பாம்பு கடித்த பிள்ளையை மந்திரிக்கத் தூக்கிக்கொண்டு போனால், "அவங்க நம்பிக்கை" என்று நான் பேசாமல் இருக்க முடியாது, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வண்டி பிடிக்க வேண்டும். இது என் பக்கத்துக்கும் பொருந்தும்.

எங்கள் மாணவன் ஒருவனின் அப்பாவுக்குக் காசநோய். மாத்திரை ஆரம்பித்து இரண்டு மாதத்தில் இருமல் நின்றுவிட்டது. காசநோயில் ஆபத்தான இடமே அதுதான். உடம்பு தேறியது போலத் தெரியும், கிருமி உள்ளே இருக்கும். நிறுத்தினால் மருந்துக்கு அடங்காத நோயாகத் திரும்பி வரலாம், வீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கும் தொற்றலாம். ஆறு மாதம் முடிக்க வேண்டும். அவர் ஜெபக் கூட்டத்துக்குப் போய்வந்தவர். சுகமாகிவிட்டது என்று சாட்சி சொல்லிவிட்டு மாத்திரையை நிறுத்திவிட்டார். பையன்தான் அறிவியல் ஆசிரியரிடம் சொன்னான். காசநோய்ப் பாடத்தைக் கேட்டதால் அவனுக்குப் பயம்.

அவர் நேராக என்னிடம் வந்தார். "டீச்சர், நான் போனா சாமி இல்லாதவன் வந்து பேசுறான்னு கதவைச் சாத்திடுவாங்க. நீங்க போங்க. வேதத்தை எடுத்துக்கிட்டே போங்க" என்றார். எட்டு ஆண்டுகள் அந்த வேதத்தை வைத்து என்னோடு வாதாடியவர் சொன்னது இது. அன்று மாலையே நடந்து போனேன். சாமை அறுத்துக் களத்தில் போட்டிருந்தார்கள். திண்ணையில் உட்கார்ந்து, அவர் சொன்ன சாட்சியை முழுக்கக் கேட்டேன். "ஜெபத்தை நிறுத்துங்கன்னு நான் சொல்ல வரலண்ணா. நானும் உங்களுக்காக ஜெபம் பண்றேன். மாத்திரையை நிறுத்தாதீங்க. லூக்காவே வைத்தியர்தானே?" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. உள்ளே இருந்து அக்காதான், "அதெல்லாம் பொட்டியில பத்திரமாத்தான் வச்சிருக்கேன் டீச்சர்" என்று மாத்திரை அட்டைகளை எடுத்துவந்தார். மறுநாள் சுகாதார ஊழியரிடம் சொல்லி, மருத்துவரைப் பார்க்க வைத்து, சிகிச்சையைத் திரும்பத் தொடங்கினோம்.

"நான் போயிருந்தா வாதத்துல ஜெயிச்சிருப்பேன் டீச்சர், அவர் மாத்திரை சாப்பிட்டிருக்க மாட்டார்" என்று பேருந்தில் சார் சொன்னார். பிறகு இறங்கும் வரை லூக்கா உண்மையிலேயே வைத்தியரா, அதற்கு என்ன ஆதாரம் என்று என்னைக் குடைந்துகொண்டே வந்தார்.

அந்த அப்பா சிகிச்சையை முடித்துவிட்டார். இந்த ஆண்டு பள்ளி மேலாண்மைக் குழுவில் உறுப்பினராக இருக்கிறார், கூட்டத்துக்கு முதல் ஆளாக வருகிறார்.

அடுத்து எண்ணும் எழுத்தும் பற்றிய அமர்வு இருக்கிறது. எனக்குக் கொடுத்த நேரத்தைத் தாண்டிவிட்டேன்.